தேக்க வேண்டாம் என்று ஆயக்கட்டுதாரர்களே கேட்ட அணை: ஒரத்துப்பாளையம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையில், நொய்யலாற்றின் குறுக்கே 1992-ல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்றே கட்டிய அணை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், எந்த விவசாயிகளுக்காக அதைக் கட்டினார்களோ அவர்களே, அதாவது அணை நீர் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டில் நிலம் உள்ள ஆயக்கட்டுதாரர்களே, இதில் தண்ணீரைத் தேக்கக் கூடாது என்று கேட்டு நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தண்ணீர் போதவில்லை என்று வழக்குப் போட்ட ஆயக்கட்டுகளைத் தமிழ்நாட்டில் நிறையப் பார்த்திருக்கிறோம். தண்ணீரே வேண்டாம் என்று போட்டது அபூர்வம். காரணம், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவுநீர் அதில் தேங்கியது.

குளம், தடுப்பணை, ஏரி என்று வேலை எடுப்பவர்களும் பாசன சங்கங்களில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை ஆரம்பத்திலிருந்து வரிசையாக எழுதியிருக்கிறேன். ஆட்களின் பெயர்கள் இல்லை. நீதிமன்ற உத்தரவுகளிலும் பொதுப் பதிவிலும் உள்ள விவரங்கள் மட்டும்.

பின்னணி: ஆறும் அதன் குளங்களும்

நொய்யல் கோவைக்கு மேற்கே வெள்ளிங்கிரி மலைச்சரிவில் பிறக்கிறது. கோவை, சூலூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேர்கிறது. மொத்தம் 170 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்தால் தலைப்பகுதியில் தண்ணீர் வரும். கீழே இறங்க இறங்க, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் ஆறு. மற்ற மாதங்களில் மணல்தான்.

இப்படிப்பட்ட ஆற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று பழையவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆற்றின் குறுக்கே சிறு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால்கள், வாய்க்கால் போய்ச் சேரும் குளங்கள். கோவையின் உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம், சூலூர் குளம் எல்லாம் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்தவை. வெள்ளம் வரும் சில வாரங்களில் குளங்களை நிரப்பி, அந்த நீரைக் கிணறுகளுக்கு ஊற்றாக இறக்கி, ஆண்டு முழுவதும் கிணற்றிலிருந்து இறைத்துப் பண்ணையம் பார்ப்பது. கொங்குப் பகுதியில் தோட்ட விவசாயம் என்பது கிணற்று விவசாயம்தான். ஆற்றுக்கு வந்த கேடு கிணறு வழியாக எவ்வளவு தூரம் போனது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

காங்கேயம் பக்கம் தோட்டத்துக்கு அடுத்தபடி கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமுமாக வளர்த்த மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடுகளும் ஆடுகளும் அதில் மேயும். தண்ணீருக்குப் பக்கத்துக் கிணற்றுத் தொட்டிக்கு வரும். அந்தத் தொட்டித் தண்ணீரும் நொய்யலோடு சம்பந்தப்பட்டதுதான்.

அணைக்குப் போட்ட கணக்கு

ஒரத்துப்பாளையம் அணையின் கொள்ளளவு சுமார் 616 மில்லியன் கனஅடி. மழைக்கால வெள்ளத்தையும், கீழ்பவானிக் கால்வாய்ப் பாசனத்திலிருந்து கசிந்து ஆற்றுக்கு வரும் நீரையும் பிடித்துவைத்து, அணைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பரப்புக்கும், பெரும்பகுதியைக் கரூர் மாவட்ட நிலங்களுக்கும் கொடுப்பது திட்டம். நீரின் அளவைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் பெரிய குறை சொல்ல முடியாது.

கணக்கில் ஏறாதது, அணைக்கு மேலே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஊர். எண்பதுகளின் நடுவிலிருந்து திருப்பூர் பனியன் தொழில் ஏற்றுமதிக்குத் திரும்பியது. உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊர் வெளிநாட்டுக்கு வண்ண டி-ஷர்ட் போட ஆரம்பித்தபோது சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. எண்பதுகளின் தொடக்கத்தில் நூறுக்குள் இருந்தவை தொண்ணூறுகளில் எழுநூறைத் தாண்டின. அணை கட்டிய ஆண்டுகளும் பட்டறைகள் பெருகிய ஆண்டுகளும் ஒன்றே. ஆற்றுக்குள் ஏற்கனவே கழிவுநீர் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும், எவ்வளவு நீர் வரும் என்று பார்த்தவர்கள் எப்படிப்பட்ட நீர் வரும் என்று பார்த்ததாகத் தெரியவில்லை. பின்னால் நடந்தவை அனைத்துக்கும் வேர் இதுதான் என்பது என் கருத்து.

முதலில் தெரிந்தவை

அணையில் நீர் தேங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே அடையாளங்கள் வந்துவிட்டன. நீரின் நிறம் மாறியது, நாற்றம் எடுத்தது. பார்த்ததும் தெரிந்தது இவ்வளவுதான். கேடு அதிகமாக நடந்தது நிலத்துக்கு அடியில். தேங்கிய நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு இறங்கியது. நல்ல நீராக இருந்திருந்தால் இதை நீர்செறிவு, அதாவது நிலத்தடி நீரைப் பெருக்குவது, என்று பாராட்டியிருப்போம். வந்தது உப்பு நீர். அணையில்லாத காலத்தில் ஆற்றோடு ஓடிப்போயிருக்கும் கழிவு, அணை வந்ததால் ஒரே இடத்தில் நின்று, வெயிலில் வற்றி மேலும் செறிவாகி, ஊர்க் கிணறுகளுக்குள் போனது.

பயிர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. உப்பு தாங்காத வாழை, மஞ்சள், காய்கறி முதலில். தென்னை கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, காய் சிறுத்து, குரும்பை உதிர்ந்தது. உப்பு நீர் இரண்டு வகையில் கெடுக்கிறது. மண்ணில் உப்பு கூடும்போது, ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. பயிர் தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். இன்னொன்று சோடியம். மண்துகள்களைப் பொலபொலப்பாக வைத்திருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்காருகிறது. மண் இறுகி, மேலே ஊற்றிய நீர் உள்ளே இறங்காது. இதற்கு மருந்து ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது. நல்ல தண்ணீர்தான் கையில் இல்லையே.

பாசனத்துக்கு விட்ட தண்ணீரால் பயிர் கெடுகிறது என்று எதிர்ப்பு வலுத்ததும், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அணையின் பாசனப் பயன்பாடு நடைமுறையில் நின்றுபோனது. கட்டி முடித்து ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

உப்பு ஏன் போகவில்லை

இந்த நிகழ்வில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (நூலிழையோடு வேதிமுறையில் பிணைந்து ஒட்டும் சாயம்) ஏற்ற உப்பு வேண்டும். சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ, அடர்ந்த நிறங்களுக்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 கிராம், 80 கிராம் என்று போடுவார்கள். சாயத்தை நூலிழைக்குள் தள்ளுவதுதான் உப்பின் வேலை. தான் துணியில் தங்காது. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரில் வெளியே வரும். அலசும் நீரோடு கலந்த பிறகும் லிட்டருக்குப் பல கிராம் மிஞ்சும்.

நீதிமன்ற அழுத்தத்தில் தொண்ணூறுகளின் கடைசியில் எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பெரிய பட்டறைகள் பல தங்கள் வளாகத்திலேயே நிலையம் வைத்தன. செலவு செய்துதான் கட்டினார்கள். அங்கே நடந்தது சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு, நிறத்தையும் கசடையும் படியவைத்துப் பிரிப்பது. நிறம் போகும், கலங்கல் தெளியும். கரைந்த உப்பை இந்த முறை தொடவே தொடாது. போடுகிற ரசாயனங்களால் கரைந்த உப்பு சற்றுக் கூடத்தான் செய்யும். ஆக, தெளிந்த உப்பு நீர் ஆற்றுக்கு வந்தது. பார்ப்பவர்களுக்கு முன்னேற்றம் மாதிரி இருந்தது. கிணற்றில் எதுவும் மாறவில்லை.

அளவுகோலிலும் சிக்கல் இருந்தது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசனநீர் வழிகாட்டியோ, 450 மில்லிகிராம் வரைக்கும் கவலை இல்லை, 2,000-ஐத் தாண்டினால் பாசனத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்கிறது. அதாவது விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த பட்டறையின் நீரே நேராக வயலுக்குப் போகத் தகுதி இல்லாதது. 2,100 என்ற எண்ணுக்குப் பின்னால், ஆற்றில் நல்ல நீர் ஓடும், அது கலந்து நீர்க்கச் செய்யும் என்ற நம்பிக்கை இருக்கிறது. காவிரியில் அது ஓரளவு பொருந்தலாம். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் நொய்யலில் நீர்க்கச் செய்ய என்ன இருக்கிறது?

இன்னொன்று, செறிவை மட்டும் பார்ப்பதால் மொத்தப் பாரம் கண்ணில் படாமல் போகிறது. லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள கழிவுநீர் நாளைக்கு ஒரு கோடி லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உப்பு மட்டும் 60 டன். அதில் இரண்டு பங்கு நல்ல நீரைக் கலந்தால் லிட்டருக்கு 2 கிராம் ஆகிவிடும், விதி நிறைவேறிவிடும். அணைக்குப் போய்ச் சேர்வது அதே 60 டன். திருப்பூரில் அப்போது நாள்தோறும் வெளியானது ஒரு கோடி லிட்டரைப் போலப் பல மடங்கு.

பட்டறைகளுக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர் நிலத்தடி நீர் கெட்ட பிறகு, சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் வந்தது. விற்றவர்களும் விவசாயிகள்தான். ஒரு கிராமத்தின் நல்ல நீர் லாரியில் ஏறித் திருப்பூர் போய், உப்பு நீராகி, ஆற்றின் வழியே இன்னொரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. பட்டறை முதலாளிகளிலும் பலர் விவசாயக் குடும்பங்களிலிருந்து போனவர்கள். 2005-ல் பவானியிலிருந்து குழாய் வழியே நாளைக்கு 18.5 கோடி லிட்டர் வரைக்கும் கொண்டுவரும் திட்டம் வந்த பிறகுதான் லாரித் தண்ணீரின் பிடி தளர்ந்தது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, அணையைத் திறந்துவிடுவது. அணையைச் சுற்றியிருந்தவர்களுக்கு அது நிம்மதி. கரூர்ப் பக்கத்தில் ஆற்றோரக் கிணறு வைத்திருந்தவர்களுக்கும், காவிரியில் குடிநீர் எடுக்கும் ஊர்களுக்கும் அது தொல்லை. காவிரியில் வெள்ளம் ஓடும்போது திறந்தால் பாதிப்புக் குறையும் என்பது சரிதான். அதற்காகக் காத்திருக்கும் மாதங்களில் நீர் இங்கே நின்று கிணற்றுக்குள் இறங்குகிறது. மேலே இருப்பவர், கீழே இருப்பவர் இருவருமே பாதிக்கப்பட்டவர்கள், இருவருடைய கோரிக்கையும் ஒன்றுக்கொன்று எதிர். இதில் நல்ல முடிவு என்று எதுவும் இல்லை.

அப்புறம் நஷ்டஈடு. வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அதையொட்டி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் சூழல் இழப்பு ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் நொய்யல் பாதிப்பை எடுத்துக்கொண்டு, 68 கிராமங்களில் சுமார் 1,46,000 ஏக்கர் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், 28,596 பேருக்கு 2002 முதல் 2004 வரைக்குமான இழப்பாக ஏறக்குறைய 24.8 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்குச் சுமார் 1,700 ரூபாய். அந்தக் கால விலைவாசியில் பார்த்தாலும், ஒரு தோட்டத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனாலும் இந்த முடிவின் மதிப்பு தொகையில் இல்லை என்றே நினைக்கிறேன். எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர், யாருடையது என்று முதன்முறையாக எழுத்தில் வந்தது. அதுவரை நஷ்டம் என்பது பேச்சாகவே இருந்தது.

மூன்றாவது, ஆயக்கட்டுதாரர் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. 2006 டிசம்பரில் வந்த உத்தரவு, பட்டறைகள் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலைக்கு வர வேண்டும் என்று கெடு வைத்தது. அதுவரைக்கும் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: 2007 ஜனவரி முதல் மார்ச் வரை 6 பைசா, ஏப்ரல், மே மாதங்களில் 8 பைசா, ஜூன், ஜூலையில் 10 பைசா. அணையைச் சுத்தம் செய்யும் செலவும் பட்டறைகள் தலையில் விழுந்தது. அபராதம் லிட்டர் கணக்கில் ஏறிக்கொண்டே போனதைக் கவனிக்க வேண்டும். ஒரே தொகையாக விதித்திருந்தால் அதைத் தொழில் செலவில் ஒன்றாக எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

கெடு முடிந்தது. கழிவு நிற்கவில்லை. பட்டறை உடைமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் உத்தரவை உறுதி செய்து மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அதுவும் முடிந்தது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. 2011 ஜனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மூடிய பிறகு

சாயம் நின்றால் திருப்பூரில் மற்ற வேலைகளும் தடுமாறும். நிட்டிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று வரிசையாகக் கோர்த்த தொழில் அது. மாதக்கணக்கில் பட்டறைகள் மூடிக்கிடந்தன. சாயத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள், பலர் ஊர் திரும்பினார்கள். ஆற்றைக் கெடுத்ததில் அவர்களுடைய முடிவு எதுவும் இல்லை. நஷ்டஈட்டுப் பட்டியலிலும் அவர்களுக்கு இடமில்லை. வழக்கு ஆவணங்களைப் படிக்கும்போது எனக்கு உறுத்தியது இதுதான்.

மாநில அரசு 2011-ல் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் மாற்றியமைக்கப்பட்டன. கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்ஓ சவ்வு வழியாக நல்ல நீரைப் பிரித்து, மிஞ்சும் அடர் உப்பு நீரை ஆவியாக்கி உப்பாக எடுப்பது. பிரித்த நீர் பட்டறைக்கே திரும்பப் போகும். சோடியம் சல்பேட் கரைசலையும் மறுபடி சாயத்தொட்டிக்கே பயன்படுத்தும் முறை வந்த பிறகு செலவு கொஞ்சம் தாங்கும்படி ஆனது. இதை நிறுவிச் சோதித்துக் காட்டியவை படிப்படியாகத் திறந்தன.

தொழில்நுட்பம் வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாது, முடியாது என்று பதினைந்து ஆண்டு சொல்லப்பட்டது, மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின் முடிந்தது. விலையும் இல்லாமல் இல்லை. ஆவியாக்கும் கொப்பரைகளுக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது. நிலையத்தில் சேராத சிலர் வேறு மாவட்டங்களுக்குப் போய்த் தொழிலைத் தொடர்ந்தார்கள். அங்கே ஓடும் ஆற்றுக்கு யார் பொறுப்பு?

நொய்யலில் சாயக்கழிவின் பெரும்பங்கு நின்றது. இரவில் திறந்துவிடும் அனுமதியில்லாப் பட்டறைகள் பற்றிய புகார்கள் நிற்கவில்லை. கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடையும் ஆற்றுக்கு வருகிறது. மழை வந்ததும் நுரை பொங்கி ஓடும் படங்களை 2017-ல் எல்லோரும் பார்த்தோம். கிணறுகள் மெதுவாகத்தான் தேறும். பாறைப் பிளவுகளில் தங்கிய உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல மழை பல ஆண்டுகள் பெய்ய வேண்டும், இந்தப் பகுதி மழைமறைவுப் பகுதி.

அடுத்த முறை என்ன மாற வேண்டும்

பாசன அணைக்கோ குளம் தூர்வாரும் வேலைக்கோ திட்ட அறிக்கை எழுதும்போது, நீர்வரத்துக் கணக்குக்குப் பக்கத்திலேயே உப்புக் கணக்கும் இருக்க வேண்டும். எத்தனை கனஅடி வரும் என்பதோடு, ஆண்டுக்கு எத்தனை டன் உப்பு வரும் என்பதும். மேலே தொழிற்பேட்டையோ நகரச் சாக்கடையோ இருக்கிற எந்த ஆற்றிலும் தேக்கம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. நீர்செறிவுக்கென்று கட்டும் சிறு தடுப்பணைகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அவற்றின் வேலையே நீரை நிலத்துக்குள் அனுப்புவதுதான்.

அனுமதி கொடுக்கும் இடத்தில் செறிவு விதியோடு மொத்த உப்பு எடைக்கும் ஒரு வரம்பு வேண்டும். ஆற்றில் நீர் ஓடாத மாதங்களுக்குத் தனி வரம்பு. பட்டறை வாங்கிய உப்பு எத்தனை டன், திரும்ப எடுத்த உப்பு எத்தனை டன் என்று கொள்முதல் பில்லை வைத்தே சரிபார்க்கலாம். இரவில் வாய்க்காலுக்குக் காவல் நிற்பதைவிட அது சுலபம்.

விவசாயிகள் பக்கத்தில், பதிவு. உப்பு அளக்கும் கைமீட்டர் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சங்கம் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை பத்துக் கிணறுகளையும் ஆற்றையும் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஆணையமும் நீதிமன்றமும் கேட்டது இந்த மாதிரி எண்களைத்தான். நொய்யலில் அவை கிடைக்க ஆரம்பித்தபோது கிணறுகள் ஏற்கனவே கெட்டுவிட்டிருந்தன.

ஒரத்துப்பாளையத்தையே என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. நிரந்தரமாகத் திறந்தே வைப்பது பாதுகாப்பு, ஆனால் நல்ல வெள்ளம் வரும் ஆண்டிலும் தண்ணீர் வீணாகக் கடந்துபோகும். மழையின் முதல் வெள்ளம் ஆற்றில் தேங்கிய கழிவையெல்லாம் அடித்துக்கொண்டு வரும். அது போகும் வரைக்கும் மதகு திறந்திருக்க வேண்டும். பிறகு வரும் நீரில் உப்பு ஒரு குறித்த அளவுக்குக் கீழே இறங்கி, சில நாள் அப்படியே நின்றால் மட்டும் மதகை இறக்கலாம். அந்த அளவை 2,100 என்று வைக்கக் கூடாது. பாசன வழிகாட்டியை ஒட்டி ஆயிரத்துக்கும் கீழே வைக்க வேண்டும். மீட்டரைப் படிக்கும் இடத்தில் நீர்வளத்துறை ஆளோடு மேல்கரை விவசாயி ஒருவரும் கரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரும் நிற்க வேண்டும், மூவரும் கையெழுத்துப் போட்ட பிறகே மதகு இறங்க வேண்டும்.